பெட்டியை யார் தூக்குவது?

திருமணமான பிறகு வரும் முதல் விடுமுறையில் நானும் என் கணவரும் மட்டும் எங்காவது போய்வர வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரிய ஆசை அன்று. படுத்துறங்க வசதியுள்ள ஒரு கேம்பர்வேன், அதில் நாங்கள் இருவர், ஏதேனும் ஓர் ஏரிக்கரை, அவ்வளவே. அந்த ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டவர் வேறு யாருமல்லர், நானேதான்.

வேனுக்குச் சொல்லிவைத்த அன்று மாலை, மாமியாரிடம் தேநீர்க் கோப்பையை நீட்டியபோது, "நீங்களும் வரலாமே அத்தை" என்றேன். ஒரு மரியாதைக்காகச் சொன்னது. அத்தை என்னைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "நீ இவ்வளவு ஆசையா கூப்பிடும்போது வரலைன்னு சொல்ல முடியுமா?" என்றார். அத்தையை அழைத்துவிட்டு மாமாவை அழைக்காமல் இருப்பது முறையா? அழைத்தேன். புகுந்த வீட்டாரை அழைத்துவிட்டுப் பெற்ற தாயை விட்டுவிடலாமா? தொலைபேசியில் அம்மாவையும் அழைத்தேன். "சம்பந்தி வர்றாங்க, நான் வரலைன்னா என்ன நினைப்பாங்க?" என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

என் கணவர் பல்செட் செய்யும் கூடத்தில் பணிபுரிகிறார். ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். என் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க மட்டும் அவருக்கு வராது.

"அட, எல்லாரும் வர்றாங்களா! அப்போ வேன் பத்தாது. மோட்டார்ஹோமா மாத்திடுறேன்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றேன். பிறகு குளியலறைக்குச் சென்று, குழாயைத் திறந்துவிட்டு, ஓசை வெளியே கேட்காதபடி அழுதேன்.

புறப்படும் நாளும் வந்தது. வாடகை வண்டி நிலையத்தை நடத்துபவர் ஓர் அம்மையார். கழுத்தில் சாவிக்கொத்து, காலில் ரப்பர் பூட்ஸ், விளையாட்டு ஆசிரியை போன்ற குரல். முற்றத்தில் பச்சை நிறக் கேம்பர்வேனும் வெள்ளை நிற மோட்டார்ஹோமும் அருகருகே நின்றன.

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? ரெண்டுக்கும் சக்கரம்தானே?" என்று கேட்டார் மாமா. அவர் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். மேலும் கீழும் போகாத வாகனங்களின் மீது அவருக்கு அவ்வளவாக மதிப்பில்லை.

"அந்தப் பச்சை, வேன் சார். உள்ள ஒரு படுக்கை, ஒரு அடுப்பு போட்டிருக்கோம். நிமிர்ந்தா தலை இடிக்கும். இந்த வெள்ளை, வீடு. கீழ சக்கரம் மாட்டியிருக்கோம். சமையலுக்கு, குளிக்க, தூங்க எல்லாத்துக்கும் தனித்தனி இடம். முக்கியமா, கக்கூஸ் உள்ளயே இருக்கு. வேன்ல போறவங்க தங்குற இடத்துல இருக்குற பொதுக் கழிப்பறைக்கு நடக்கணும்."

இதைக் கேட்டதும் அத்தையும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்து நிறைவாகத் தலையசைத்தனர். நான் பச்சை வேனை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தச் சக்கர வீட்டுக்குள் ஏறினேன்.

உள்ளே ஒரே அமளி. மாமா கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்தினார். ஒன்றை அழுத்தினால் படிக்கட்டு நீண்டது. இன்னொன்றை அழுத்தினால் கூரையில் ஜன்னல் திறந்தது. பின்புறம் அகலமான படுக்கை ஒன்று. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் போல இன்னொன்று.

"சம்பந்தி, நீங்களும் அண்ணனும் பெரிய படுக்கையில படுங்க. எனக்கு இந்தப் பரண் போதும்" என்றார் அம்மா.

"நல்லா இருக்கே கதை! நீங்க பரண்ல, நான் மெத்தையிலயா? நான்தான் பரண்!" என்றார் அத்தை.

சொல்லி முடிப்பதற்குள் இருவரும் ஏணியில் ஏறிவிட்டனர். பரணில் இருவரும் திரும்ப வழியின்றி நசுங்கிக்கிடக்க, பெரிய படுக்கை மாமா ஒருவருக்கு என்றாயிற்று. எனக்கும் கணவருக்கும் சாப்பாட்டு மேசையை மடக்கினால் வரும் படுக்கை என்று முடிவாயிற்று. அதாவது, மாமாவின் கால்களுக்கும் அம்மாவின் இருமலுக்கும் நடுவே.

எல்லோரும் இறங்கியதும், அம்மையார் வண்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு கதவைத் திறந்து சாம்பல்நிறப் பெட்டி ஒன்றை உருவினார்.

"இதுதான் கக்கூஸோட கழிவுப்பெட்டி. தினமும் உருவி, எடுத்துட்டுப் போய்க் கொட்டி, கழுவி, திரும்ப மாட்டணும். இங்க ஒரு வழக்கம் இருக்கு. வழியில எந்த வேலையை யார் செய்வாங்களோ, அவங்களே அதை என் முன்னால ஒரு தடவை செஞ்சு காட்டணும். அப்பதான் சாவி. சொல்லுங்க, பெட்டியை யார் தூக்கப்போறது?"

 என் கணவர் பெருந்தன்மையுடன் குனிந்து கைப்பிடியைப் பற்றினார்.

"ஐயோ மாப்பிள்ளை!" என்று அம்மா அலறினார். "நான் போனதை நீங்க தூக்குறதா? அதுக்கு நான் ஊர் திரும்புற வரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். விடுங்க, நான் தூக்குறேன்."

"சம்பந்தி தூக்க, நான் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா? கொடுங்க இப்படி!" என்று அத்தை மறுமுனையைப் பிடித்தார்.

"தயவுசெஞ்சு விடுங்க அத்தை, நான்..."

"நீ புதுப்பொண்ணு, தள்ளி நில்லு."

"எல்லாரும் தள்ளுங்க! பாரம் தூக்குறது என் தொழில்!" என்று மாமாவும் பாய்ந்தார்.

ஐந்து பேரின் பத்துக் கைகளும் ஒரு பெட்டியில். இழுத்த இழுப்பில் மூடி தெறித்தது. நல்லவேளை, உள்ளே இருந்தது கழுவுவதற்காக ஊற்றிவைத்த நீல நிற மருந்துத் தண்ணீர் மட்டுமே. அது எங்கள் அனைவரின் கால்களையும் வேறுபாடின்றி நீலமாக்கியது.

"சரி, சண்டை வேண்டாம்" என்றார் மாமா, நீலப் பாதங்களை உதறியபடி. "ஆளுக்கு ஒரு நாள். முறை வெச்சுத் தூக்குவோம்."

"அதுவும் சரிதான்" என்றார் அம்மா. "அப்படியே ஆகட்டும்" என்றார் அத்தை. அம்மையார் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். மாமா கையை நீட்டினார். அந்தச் சாவி கைமாறிவிட்டால் என் ஏரிக்கரை போயே போய்விடும். 

"மாமா, மன்னிக்கணும்" என்றேன். "யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க எல்லார் மேலயும் எனக்கு ரொம்ப மரியாதை. அந்த மரியாதைக்குத்தான் கூப்பிட்டேன். ஆனா... நானும் இவரும் மட்டும் போகணும்னுதான் எனக்கு ஆசை."

 அத்தையின் முகம் சிவந்தது. ஐயோ, கெட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நொடி அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடிப்பாவி! இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன? நீங்க கிளம்பினதும் கதவைச் சாத்திட்டு, சமைக்காம, யாருக்கும் பதில் சொல்லாம ஹாயா படுத்துக் கிடக்கலாம்னு இருந்தேன். நீ ஆசையா கூப்பிட்டியேன்னு வந்தேன்!"

"எனக்கு வளைவுல திரும்பினாலே வாந்தி வரும்மா" என்றார் மாமா, பரிதாபமாக. "லிஃப்ட்னா நேரா போகும்."

"நான் சம்பந்திக்காக வந்தேன்" என்றார் அம்மா.

"நான் நடுவுல ஒதுங்கிக்கலாம்னு பார்த்தா, நீங்களும் வர்றீங்கன்னு இவ சொல்லிட்டாளே!" என்றார் அத்தை.

இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தனர். அம்மையார் சிரிப்பை அடக்க மாட்டாமல் ஒரு பழைய டயரின் மீது உட்கார்ந்துவிட்டார். என் கணவர் மட்டும் ஏதோ யோசித்தபடி நின்றார்.

"அன்னைக்குக் குளியலறையில ரொம்ப நேரம் தண்ணி சத்தம் கேட்டுச்சே..."

"அழுதேங்க."

"குழாய் ஒழுகுதுன்னு நினைச்சு வாஷரை மாத்தினேனே!"

பச்சை வேனுக்கு மாறினோம். படுக்கையை விரித்துக் காட்டும் வேலையை என் கணவர் செய்தார். நிமிர்ந்து தலையை இடித்துக்கொண்டார். அம்மையார் திருப்தியோடு சாவியைக் கொடுத்தார். நான் முன்னிருக்கையில் அமர்ந்து கண்ணாடியை இறக்கினேன். அத்தை, அம்மா, மாமா மூவரும் நீலக் கால்களுடன் வரிசையாக நின்று கையசைத்தனர். அவர்களை அப்படி விட்டுச்செல்ல எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"அத்தை, வேணும்னா நீங்களும்..." என்று தொடங்கினேன்.

அத்தை எட்டிப் பாய்ந்து ஜன்னல் வழியாக என் வாயைப் பொத்தினார்.

"டேய், வண்டியை எடுடா!" என்று மகனை அதட்டினார்.

வண்டி கிளம்பியது.