ஐயாசாமி தும்பாங் ஏறிய வேன்

ஜனவரிக் கடைசியில், மலேசியாவின் லாயாங் லாயாங் ரயில் பாதையோரம், லோகேஸ்வரனின் கேம்பர் வேனில் ஒரு பட்டாளமே ஏறியது. அத்தனை பேரும் செத்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தப்பு லோகேஸ்வரன் பேரில்தான். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு, நடந்து போகிறவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி, "தும்பாங் வேணுமா?" என்று கேட்காமல் போக வராது. முன்னே பின்னே பார்க்காமல் கேட்டுவிட்டான். அவர்களும் பூட்ஸைத் தட்டிவிட்டு மரியாதையாக ஏறினார்கள். இரண்டு பேர் படுக்கிற வேன்தான். எல்லோருக்கும் இடம் இருந்தது. டயர் மட்டும் கொஞ்சம் அமுங்கியது.

ஜப்பான்காரன் துரத்த, வெள்ளைக்காரன் பட்டாளம் பின்வாங்கிய பாதையிலேயே ஜொகூர் பாலம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது லோகேஸ்வரனின் பைத்தியம். அவன் அம்மா ராசம்மா கூட வந்த காரணம் வேறு. அவள் அப்பா ஐயாசாமி அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். பட்டாளத்துக்கு ரப்பர் காட்டுக்குள் வழி காட்டப் போனவர் திரும்பவே இல்லை. அப்போது அவள் வயிற்றுப் பிள்ளை. பெயர் வைக்கும்போது அப்பன் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. யாரோ வாயில் வந்ததைக் கூப்பிட, ராசம்மா என்றே நின்றுவிட்டது. இரவல் சேலை உடுத்தியதுபோல் அந்தப் பெயரோடுதான் இத்தனை காலமும் இருந்தாள். பெயர் வைக்கிற வீட்டுக்கு மட்டும் போகவே மாட்டாள்.

வேனில் ஏறிய முகங்களில் அவள் ஒரு கிழவரைத் தேடினாள். அப்பா என்றால் தன்னைவிட மூத்தவராகத்தானே இருக்க வேண்டும்! குலாய் தாண்டும்போது, கைலி கட்டிய ஒரு பையன் பின்னாலிருந்து, "சோத்தாங்கை பக்கம் திருப்புங்கண்ணே" என்று வழி சொன்னான். அவள் பேச்சுக்குப் பெயரைக் கேட்டாள். "ஐயாசாமி, பாட்டி" என்றான். அவள் பேரனைவிட இளசு. ராசம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெப்ராவ் வரை அழுதாள்.

ஜொகூர் பாலத்தில் பட்டாளம் இறங்கி, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே வரிசையாக அக்கரைச் சிங்கப்பூருக்கு நடந்தது. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஐயாசாமி மட்டும் நின்றான்.

"நான் திரும்பிப் போறேன் பாட்டி. வீட்டுல புள்ளத்தாச்சி தனியா இருக்கா."

அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் அங்கேயே நின்றுவிடுவான். அவள் அம்மாவோ வாசலைப் பார்த்துப் பார்த்தே கண்ணை மூடியவள்.

"வழியில எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, எங்க லயத்து வீட்டுக்குப் போயி புள்ள காதுல நீங்களே பேரைச் சொல்லிடுங்க. பொண்ணுதான்னு மனசு சொல்லுது."

ராசம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக் கிசுகிசுகூடத் தப்பாமல் கேட்கும். "எனக்குக் காது மந்தம் சாமி" என்றாள். "கிட்ட வந்து சொல்லு."

அவன் குனிந்து அவள் காதில், "சந்திரமதி" என்றான்.

"இன்னொரு தடவ."

"சந்திரமதி."

"இன்னும் ஒரே ஒரு தடவ சொல்லிடு."

அவன் அலுத்துக்கொள்ளாமல் சொன்னான்.

"கேட்டுருச்சு. நீ கிளம்பு, அவ காத்துக்கிட்டு இருப்பா" என்று அனுப்பி வைத்தாள். அவன் வேகமாக வடக்கே நடந்தான்.

மறுநாள் காலை உலு திராம் சந்தையில் அவள் வாடிக்கையாக வாங்கும் மீன்காரர், "சந்திரமதிம்மா, கெம்போங் மீன் ஃபிரெஷ்ஷா இருக்கு லா" என்று கூப்பிட்டார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, அரைக் கிலோ போடச் சொன்னாள்.