ஹோர்ன் பெட்டிக்குள் கேட்ட குரல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. மர்சூக் காக்காவின் (அண்ணனை முஸ்லிம்கள் காக்கா என்பார்கள்) மகள் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அவளுடைய கல்யாணத்துக்கு ஏறாவூருக்குப் போனபோது, முன்னறைச் சுவரோரம் ஆளுயர மரப்பெட்டிகள் இரண்டைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் பூவரசம்பூப் போல விரிந்த உலோகக் குழல். மேலே பிளாஸ்டிக் பூச்சாடி.

“இதென்ன காக்கா?”

“மூடின தியேட்டரொண்டுட ஸ்பீக்கர் புள்ள. ஹோர்ன். ஆள் மூச்சு விட்டாலும் இதுல கேக்கும்.” பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டுகள் போய்க்கொண்டிருந்த பக்கம் பார்த்தபடி, “இப்ப போடுறல்ல,” என்றார்.

ஏன் என்று கேட்காமல் வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

முதல் வரி இப்படி இருந்தது:

மீன் பாடும் வாவியின் கரையிலே, ஒரு காலத்தில்—

(வேண்டாம். மட்டக்களப்பைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அந்த மீனைப் பாடவைத்துப் பாடவைத்து அதற்குத் தொண்டை கட்டிவிட்டது.)

இணைபிரியாத நண்பர்கள் இருவர்—

(இது பொய். ஏன் பொய் என்று கீழே வருகிறது.)

2

அந்த இருவரில் ஒருவர் மர்சூக் காக்கா; மற்றவர் கதிர்காமத்தம்பி, நாவலடியில் இருந்தார். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாக்குப் போல நீண்டு கிடக்கும் மணல் அது. ரேடியோ திருத்துவது தொழில். பழைய இரும்புக்குப் போன வால்வு அம்ப்ளிபயர் ஒன்றை வாங்கி, கொழும்பிலிருந்து வால்வுகள் எடுப்பித்து, அதற்கு உயிர் கொடுத்திருந்தார். ஆனால் அதன் சக்தி கொஞ்சம். இந்தக் காலத்து ஸ்பீக்கரில் பூட்டினால் முனகும். மர்சூக் காக்காவின் ஹோர்ன்களோ கொஞ்சச் சக்தியிலேயே வீடு நிறையப் பேசும். இந்தக் காலத்து அம்ப்ளிபயரைப் பூட்டினால் காது கிழியக் கத்தும். இதற்கு அதுதான் பொருத்தம், அதற்கு இது.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு தமிழர், ஒரு முஸ்லிம், ஒருவருடைய பெட்டி இல்லாமல் மற்றவருடையது பேசாது. யாரோ காசு கொடுத்து எழுதுவித்த நல்லிணக்க நாடகம் போல இல்லையா? இதை மர்சூக் காக்காவிடமே சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவன் நல்லவனெண்டு ஆரு சொன்ன ஒனக்கு? தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு எத்தின வருசம் நாங்க முகம் பாக்கல்ல தெரியுமா? புலிகள் சுட்டு எங்கட ஆக்கள் மவுத்தாகின நேரம் அவன் ஒரு வார்த்த கேக்கல்ல. அவன்ட மச்சான ஆமி கொண்டுபோன நேரம் நானும் கேக்கல்ல. பிறகு வந்தான். ஹோர்னத் தேடி வந்த. என்னத் தேடி வரல்ல.”

அப்படியே எழுதிவிட்டேன்.

3

இரண்டையும் பூட்டியதும் வந்தது பாட்டு அல்ல, ‘ஊம்’ என்று ஓர் இரைச்சல். வேறு ஸ்பீக்கரில் தெரியாத சின்னக் குறையையும் ஹோர்ன் ஊருக்குச் சொல்லிவிடும். மாதக்கணக்காக, ஞாயிறு தோறும், ஏறாவூர் வீட்டில் அந்த இரைச்சலைத் துரத்தினார்கள். வயர்களை இடம் மாற்றினார்கள். ட்ரான்ஸ்போமரைத் திருப்பி வைத்தார்கள். ஒருவரையொருவர் ஏசினார்கள். கதிர்காமத்தம்பியின் மனைவி சீதேவிப்பிள்ளை, “நீங்க அந்தப் பெட்டியையே கல்யாணம் முடிச்சிருக்கலாம்,” என்று சொல்லிக்கொண்டே சோறு கட்டிக் கொடுப்பாராம்.

2004 டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, இரைச்சல் நின்றது. கதிர்காமத்தம்பி ஹோர்னுக்குள் தலையை விட்டுக் கேட்டார்.

“ஒண்டுமே கேக்கல்ல மச்சான்! ஒண்டுமே கேக்கல்ல!”

சின்னப்பிள்ளை போலச் சிரித்தார். பாட்டுப் போட்டார்கள். மர்சூக்கின் மனைவி ஸஹீதா வாசலில் நின்று, “கடல் ஊருக்குள்ள வந்திட்டாம்!” என்று கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை. அவர் வந்து வயரைப் பிடுங்கினார்.

[இந்த இடத்தில் அலையை வர்ணித்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கதிர்காமத்தம்பி அலையைக் காணவில்லை. அதனால் கிழித்துவிட்டேன்.]

நாவலடியில் அவருடைய வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. சீதேவிப்பிள்ளையின் உடலை வாவிப் பக்கம் கண்டெடுத்தார்கள். ஒரே மகன் ரதீஸ் கொழும்பில் வேலையில் இருந்ததால் தப்பினான். அவன் வந்து கொள்ளி வைத்தான்.

அம்ப்ளிபயர் ஏறாவூரிலேயே நின்றுவிட்டது. எடுக்க அவர் வரவில்லை. மர்சூக் கொண்டுபோய்க் கொடுக்கவும் துணியவில்லை.

4

ரதீஸுக்கு மேசன் வேலை. கடலடித்த இடங்களில் வீடு கட்டும் வேலைக்கு முல்லைத்தீவுக்குப் போனவன், அங்கேயே வதனி என்ற பெண்ணைக் கல்யாணம் முடித்தான். பிறகு சண்டை தொடங்கி, வெளியே வரும் பாதை மூடியது. யுத்தம் சனங்களைக் கடற்கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. 2009 தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

மே மாதம், யுத்தம் முடிந்தது என்று அறிவித்த அன்று பின்னேரம், கதிர்காமத்தம்பி ஏறாவூருக்கு வந்தார். கடல் வந்த அந்தக் காலைக்குப் பிறகு இப்போதுதான் அந்த வீட்டுக்குள் கால் வைக்கிறார்.

என் பழைய பிரதி: தெருவில் வெடி கொளுத்துகிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழாதபடி இருவரும் பாட்டை உச்சத்தில் வைத்து—

மர்சூக் காக்கா வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

“அண்டைக்குப் பாட்டுப் போட்டா ஊர் என்ன நினைக்கும் புள்ள? நாங்களும் கொண்டாடுறமெண்டுதானே நினைக்கும்?”

ஆகவே, நடந்தது இது.

“ரேடியோவ இதுல பூட்டு மச்சான்,” என்றார் கதிர்காமத்தம்பி. “என்ட ரேடியோவில ஆக்கள்ற குரல் விளங்குதில்ல.”

பூட்டினார்கள். வால்வுகள் சூடேறும்வரை காத்திருந்தார்கள். வெளிநாட்டு வானொலியொன்றின் தமிழ்ச் செய்தி வந்தது. வவுனியா அகதி முகாமொன்றில் பதிவான ஓர் ஒலித்துண்டு. குடிக்கத் தண்ணீர் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். அவளுக்குப் பின்னால் சனத்தின் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை, அதற்கும் பின்னால் யாரோ யாரையோ கூப்பிடுவது.

கதிர்காமத்தம்பி எழும்பிப் போய் ஹோர்னின் வாயில் காதை வைத்தார். செய்தி வேறு விசயத்துக்குப் போய்விட்டது. அவர் நகரவில்லை.

“‘வதனி, இஞ்சால வா’ எண்டான். ரதீஸ்தான். என்ட புள்ளைட குரல் எனக்குத் தெரியாதா?” பிறகு கேட்டார்: “நீயும் கேட்டாய்தானே மச்சான்?”

5

வவுனியாவுக்கு இருவரும் போனார்கள். முகாம் வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லி விசாரித்தார்கள். வதனிகள் பலர் இருந்தார்கள். ரதீஸின் வதனி இல்லை. பிறகு காணாமற்போனவர்களைப் பற்றி விசாரணைக்கு யார் வந்தாலும் கதிர்காமத்தம்பி மகனுடைய படத்தோடு போய் வரிசையில் இருந்தார். மரணச் சான்றிதழ் தரலாம் என்று ஓர் அதிகாரி சொன்னபோது, “குரல் கேட்ட ஆளுக்கா ஐயா?” என்று கேட்டுவிட்டு எழும்பி வந்தார். மகனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. செய்யாமலே சில வருடங்களுக்கு முன் அவர் காலமானார். சுடலைவரை மர்சூக் காக்கா போயிருக்கிறார்.

6

முடிவுகளைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

“ஓம் மச்சான், கேட்டன்.” அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு தகப்பன் மிச்சக் காலமெல்லாம் வேலிகளுக்கு வெளியே நின்றார்.

அல்லது: “இல்ல மச்சான், எனக்குக் கேக்கல்ல.” தான் மட்டும் கேட்டதைத் தகப்பன் தனியே சுமந்தார்.

அல்லது, ஒரு நாள் வாசல் படலையில் ரதீஸ் வந்து— இதை எழுதக் கை ஓடுகிறது. ஆனால் காணாமற்போன மகன்மாருடைய படங்களோடு தெருவோரம் இருக்கும் தாய்மாருக்கு முன்னால் என்னால் வாசிக்க முடியாது. அவன் இறந்தான் என்று எழுதுவதற்கும் எனக்கு உரிமை இல்லை. அவனைப் பெற்றவரே அதை ஏற்கவில்லை.

அன்று தான் சொன்ன பதிலை மர்சூக் காக்கா எனக்குச் சொல்லியிருக்கிறார். எழுதினேன். வாசித்துக் காட்டினேன். தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

“அத எடுத்திடு புள்ள.”

“ஏன் காக்கா?”

“வாசிக்கிற ஆக்கள் நான் செஞ்ச சரி, நான் செஞ்ச பிழை எண்டு சொல்லிட்டு எழும்பிப் போயிருவாங்க. எனக்கு இன்னும் எழும்ப ஏலாம இருக்கு.”

எடுத்துவிட்டேன்.

அதனால் இந்தக் கதையில் மர்சூக் காக்காவின் நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் வந்து அதில் இருங்கள். செய்தி முடிந்துவிட்டது. வெளியே வெடி கேட்கிறது. ஹோர்னில் காதை வைத்திருந்த மனிதர் திரும்பி உங்களைப் பார்க்கிறார். உங்கள் பதிலுக்காக நிற்கிறார்.