திரும்பி வருவோம் என்று சொன்னவள்

1

இந்தக் கதை எனக்கு மதுரங்குளியில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டீவி திருத்தும் கடையில் ஒரு பெண், "ஆறு மணிக்கு முந்தித் தந்திருவீங்களா நானா?" என்று திருத்துகிறவரை அண்ணன் முறை வைத்து மூன்று தரம் கேட்டாள்.

"என்ன, நாடகமா?" என்று சிரித்தார் திருத்துகிறவர்.

"இல்ல. நியூஸ்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது. மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. கோபிக்காதீர்கள், வாசிக்கிற பிள்ளைகளே.

2

முதல் தொடக்கம்: ஆலங்குடாவில் அன்று கடல் கறுத்துக் கிடந்தது, மபாஸாவின் மனதைப் போலவே அதுவும்—

வேண்டாம். கடல் தன்பாட்டில் கிடக்கட்டும்.

இரண்டாவது: மபாஸாவின் கணவன் முஹ்ஸின் ஒரு சரக்குக் கப்பலில் சமையற்காரன். ஐந்து மாதத்துக்கு முன் அந்தக் கப்பல் செங்கடலில் தீப்பிடித்தது. பதினெட்டுப் பேரை மீட்டார்கள். மூன்று பேரைக் காணவில்லை. முஹ்ஸின் அந்த மூவரில் ஒருவன். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று கம்பனி ஒரு கடிதம் போட்டது. இரண்டாம் கடிதம் வரவில்லை.

இதுவே இருக்கட்டும்.

3

அந்தத் தீயை மபாஸாவுக்குக் காட்டியது வெளிநாட்டு ஆங்கிலச் செய்தி. வாசித்தவள் நரைத்த கட்டை முடியும் நீலக் கோட்டுமாக ஒரு பெண். கப்பலைக் காட்டி முடித்ததும் நேரே பார்த்து, மேலும் தெரிந்ததும் உங்களிடம் திரும்பி வருவோம் என்றாள். அதை விளங்கிக்கொள்ள மபாஸா பள்ளியில் படித்த ஆங்கிலம் போதும். அடுத்தது கிரிக்கெட்.

[இந்த வாசிப்பாளரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் உண்டா, வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடுவாள், ஒன்றும். அந்த ஒரு வசனத்தை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்வாள் என்று மட்டும் யோசித்துப் பார்த்தேன்.]

மபாஸா அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். நாள் தவறாமல் ஆறு மணிக்கு டீவிக்கு முன்னால் இருந்தாள். தேர்தல்கள் வந்தன, வெள்ளம் வந்தது, வேறு கப்பல்களும் வந்தன.

4

முஹ்ஸினின் தாத்தா, அதாவது அக்கா, மபாஸாவுக்கு மச்சி, சுல்பா ஒரு பின்னேரம் வெள்ளைத் துணியோடு வந்தாள். புருஷன் மௌத்தானால், அதாவது இறந்தால், மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டோடு இருக்கும் இத்தாவுக்கான துணி. அவர்கள் பக்கத்தில் இத்தா வீட்டில் டீவி போடமாட்டார்கள்.

"இத்தா இரி புள்ள. அஞ்சு மாசமாச்சி."

"மௌத்து எண்டு யாரு சொன்ன மச்சி?"

"உசிரோட இருக்கான் எண்டு யாரு சொன்ன?"

"அந்த மனுசி சொல்லட்டும். வந்து சொல்றன் எண்டவ."

"அவ உனக்கு மாமிட மகளா? ஒன்ட பேரு தெரியுமா அவளுக்கு?"

மபாஸா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"நீ பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் எனக்கு அழ ஏலாது," என்றாள் சுல்பா. "அவன் என்ட தம்பி. மௌத்தானவனுக்கு ஓதுற ஒரு கத்தம் ஓத ஏலாம இருக்கன்."

(சுல்பாவைக் கொடுமைக்காரியாக எழுதத்தான் இருந்தேன். இந்த இடத்தில் அவள் என்னை விடவில்லை.)

5

அன்றே ஆறு மணி. டீவியில் அந்த வாசிப்பாளரின் கதிரையில் ஓர் ஆண் இருந்தான். இருபத்தாறு வருடம் செய்தி வாசித்தவர் நேற்றோடு ஓய்வு பெற்றுவிட்டார் என்றான். அவள் பூங்கொத்தோடு சிரிப்பதைக் காட்டினார்கள். அடுத்தது வெள்ளம்.

"அவ போயிட்டா மச்சி," என்றாள் மபாஸா.

இனி மபாஸாவை இத்தாவில் இருத்திவிடலாம் என்றிருந்தது சுல்பாவுக்கு. சுல்பா துணியை மடியில் விரித்தாள். பிறகு மடித்தாள். டீவியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"இவன்ட பேரென்ன?"

"தெரியா."

"போகக்குள்ள இவன்ட்ட சொல்லிட்டுப் போயிருப்பாளா, நம்மட விசயத்த?"

6

புதியவன் ஒரு தாளை எடுத்து, செங்கடலில்—

வெட்டிவிட்டேன்.

மபாஸா துணியைக் கையில் வாங்கி—

அதையும்.

எதை எழுதினாலும் இரண்டு பேரில் ஒருத்திக்கு நான் துரோகம் செய்கிறேன். மேலும் தெரிந்ததும் வருகிறேன் என்று உங்களிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வெள்ளைத் துணி இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. எடுக்க வேண்டுமென்று நினைக்கிறவர்கள் எடுங்கள்.

மதுரங்குளிப் பக்கம் போனால் ஒன்று மட்டும் விசாரித்துப் பாருங்கள். அன்று அந்த டீவியை ஆறு மணிக்கு முந்தித் திருத்திக் கொடுத்தாரா? எனக்கு அதுகூடத் தெரியாது.