பெருச்சாளியிடம் அணில் தெள்ளு

அவர் எலி பிடிப்பவர்; அவள் தெள்ளுப்பூச்சிகளை வகைபிரிப்பவள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே சுகாதார ஆய்வுக்கூடத்தில் வேலை. கூண்டில் சிக்கிய பிராணிக்கு மயக்கமருந்து கொடுத்து, மயிரைச் சீவி, உதிரும் தெள்ளுகளை ஸ்பிரிட் குப்பியில் போட்டு, சீட்டெழுதி ஒட்டுவது அவர் பொறுப்பு. மைக்ராஸ்கோப்பில் அவற்றின் உடல் முட்களை எண்ணி, எந்தப் பிராணியின் தெள்ளு என்று சொல்வது அவள் பொறுப்பு.

ஆறு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மறதி. செல்போனை அரிசி டப்பாவில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவார். இரண்டு தடவை சீட்டும் மாறிப்போனது. இன்னொரு தடவை மாறினால் கூண்டு வேலை கிடையாது என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

அன்று வந்த குப்பியில் 'பெருச்சாளி' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த நான்கும் அணில் தெள்ளு. கழுத்துக்குப் பின்னால் சீப்புப்பல் போன்ற முள்வரிசை, சந்தேகமே இல்லை. சீட்டை மாற்றி எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பேனாவை எடுத்தவள், மூடி வைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமே கேட்டாள்.

"நான்தான் மாத்தி எழுதியிருப்பேன். அணில்னு போட்டுடு" என்றார்.

ஒரு எலி வாலுக்காக ஒரு மணி நேரம் வாதாடுகிற மனிதர் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"சீட்டை விடுங்க. அன்னைக்கு என்ன பார்த்தீங்க?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "பெருச்சாளிதான். வால் நுனி இல்ல. ஆனா என்னை நம்பாதே."

"நம்புறேன்னு யார் சொன்னா? போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

கூண்டு வைத்த தானியக் கிடங்குக்கு மதியமே போனார்கள். சுவரோர வளையை அவர் முழங்காலிட்டு மெல்லத் தோண்டினார். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. ஒரு முழ ஆழத்தில் பெருச்சாளியின் படுக்கை: சாக்கு நார், பஞ்சு, நடுவே மெத்துமெத்தென்று ஒரு பழைய அணில் கூடு. போன வாரம் கூரையைச் சுத்தம் செய்தபோது அதைக் கீழே தள்ளியதாகக் காவலாளி சொன்னார்.

"அடுத்தவன் மெத்தையை இழுத்துட்டுப் போயிருக்கு" என்று சொல்லி அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அவள் ஏதோ தூசி விழுந்தது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டை உதறிப் பார்த்ததில் அதே தெள்ளுகள் பதினொன்று கிடைத்தன. சீட்டு சரி என்று பதிவேட்டில் எழுதினாள். மேலதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவரோ, மறதி போய்விடவில்லை, கூட ஓர் ஆள் வேண்டும் என்று தானே கேட்டார். வாரத்தில் இரண்டு நாள் அவளையே அனுப்ப ஏற்பாடாயிற்று.

முதல் நாள் அவள் சீட்டுக்காகக் கை நீட்டினாள்.

"நானே எழுதுறேன். நீ பக்கத்துல நில்லு, போதும்."

அவர் நிதானமாக எழுதினார். அவள் எட்டிப் பார்க்காமல் நின்றாள்.