மூன்றாவது குப்பியும் கசங்கிய கோட்டும்

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியை நான் எழுதவில்லை.

1981-இல் வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் நூலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். முடிந்துபோன ஆய்வுக் குறிப்பேடுகளுக்கு எண் போட்டு அலமாரியில் வைப்பதும் என் வேலை. ஒரு நாள் அப்படி எண் போடும்போது ஒரு பக்கம் கண்ணில் பட்டது: "இன்று என் கையை நான் நம்பவில்லை. ஆகவே சோதித்தேன்."

எழுதியவர் ஜெபகனி, ஆய்வுக்கூட டெக்னீஷியன். எண் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பல வருடங்கள் சும்மா இருந்தேன். இப்போது தொடங்குகிறேன்.

தோல் ஆலையின் சங்கு ஊதியபோது மேல்விஷாரத்தின் மேல்

(வேண்டாம். சங்கு ஊதினால் எல்லாரும் ஆலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். நான் காட்ட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியை.)

2

துளியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செல் எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற செய்தியை ஆர்.என்.ஏ. என்ற இழை கொண்டுபோகிறது. வெளியிலிருந்து நாம் ஒரு செய்தியை அனுப்ப முடிந்தால், நோயுற்ற செல்லுக்கு அது இழந்ததைச் செய்யச் சொல்லலாம். ஆனால் அந்த இழை வழியிலேயே அறுந்துவிடும். அறுபடாவிட்டாலும் செல்லுக்குள் நுழையாது. அதனால் அதைக் கொழுப்புத் துளிக்குள் பொதிந்து அனுப்பினார்கள். முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த கொழுப்பு.*

அந்த ஆய்வை நடத்திய டாக்டர் பஞ்சாட்சரத்தின் கூடத்தில் ஜெபகனி அதைத்தான் செய்தார். முயல் ரத்தத்திலிருந்து பிரித்த ஆர்.என்.ஏ. மூன்று குப்பிகளில் ஐஸ் பெட்டியில் வந்திருந்தது. துளி உள்ளே போய்ச் சேர்ந்தால் கண்ணாடித் தட்டிலுள்ள செல்கள் முயலின் புரதத்தைச் செய்யும். மூன்றே குப்பிகள்.

* இன்று இதை நானோதுகள் என்கிறார்கள். அன்று எங்கள் நூலகத்தில் அந்தச் சொல் இல்லை. உலகிலேயே முதலில் செய்தது நாங்கள் என்றும் சொல்லமாட்டேன். வெளிநாட்டில் செய்தவர்களின் கட்டுரைகளை ஜெபகனியின் மேசைக்கு எடுத்துப்போனவன் நான்.

3

துளிகள் முதலில் சரியாக வரவில்லை. கொழுப்பு திரண்டு மேலே மிதந்தது. வழி சொன்னது ஜெபகனியின் கணவர் ஐசக். மேல்விஷாரம் தோல் ஆலையில், தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மரப் பீப்பாய்களான டிரம் பகுதியில் வேலை.

"எண்ணெய அப்டியே ஊத்துனா தோலு குடிக்குமா? மேலயே பூசிக்கும். சுடுதண்ணில ஒடச்சி ஒடச்சிப் பால் மாதிரி ஆக்கணும். அப்பத்தான் உள்ள போவும்."

"எவ்ளோ சூடுங்க?"

"கை பொறுக்கற சூட்டுக்கு மேல கொஞ்சம். எங்க மேஸ்திரி மக்பூல் பாய் விரல விட்டே சொல்லுவாரு. உனக்கு தர்மாமீட்டர் கீது, இன்னா கவலை?"

ஜெபகனி கொழுப்பைச் சூடாக்கி உடைத்தார். பால் மாதிரி வந்தது. அதை டாக்டரிடம் சொல்லும்போது, "எங்க வீட்டுக்காரர் சொன்னது சார்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெபகனி சிரிக்கவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

4

முதல் குப்பி: செல்கள் எதையும் செய்யவில்லை. துளிக்குள் இருந்த ஆர்.என்.ஏ. தூள்தூளாகியிருந்தது. இரண்டாவது குப்பியும் அப்படியே.

"மூணாவத மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து செய்யட்டும் ஜெபகனி. உன் கைல என்னவோ இருக்கு" என்றார் டாக்டர்.

(இந்த இடத்தில் ஜெபகனி அழுதார் என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். அழுததை நான் பார்க்கவில்லை. நூலகத்துக்கு வந்து ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.)

மறுநாள்தான் அந்த வரி. சல்லிசாகக் கிடைக்கும் ஈஸ்ட் ஆர்.என்.ஏ.வை எடுத்து, தான் தொடுவதை எல்லாம் அதோடு சேர்த்துச் சோதித்தார். தண்ணீர், கண்ணாடி, கையுறை, ரப்பர் மூடி. ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் தன் வெள்ளைக் கோட்டின் கைவிளிம்பை நனைத்துப் பிழிந்த நீர். ஆர்.என்.ஏ. மொத்தமும் போயிற்று. ஸ்டோரில் பிரிக்காமல் கிடந்த புதுக் கோட்டின் நீரில் அது போகவில்லை.

5

தோலை மிருதுவாக்க டிரம்மில் ஒரு பொடி போடுவார்கள். மாட்டின் கணையத்திலிருந்து செய்தது. ஆர்.என்.ஏ.வை அறுக்கும் பொருள் கணையத்தில்தான் மிக அதிகம். சோப்புக்குப் போகாது; கொதிக்க வைத்தாலும் ஆறியதும் பழையபடி வேலை செய்யும்.

ஐசக் இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை மனைவியின் கோட்டை இஸ்திரி போடுவது. கிண்ணத்துத் தண்ணீரில் விரலை விட்டுத் தெளித்துத் தெளித்துத் தேய்ப்பார். அந்தத் தெரு முழுவதிலும் வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போனது ஜெபகனி ஒருவர்தான்.

நான் பயந்து வைத்திருந்த இடம் இதுதான். குப்பி போனால் டாக்டருக்கு நஷ்டம். இதை ஐசக்கிடம் எப்படிச் சொல்வது?

முடிவு அ: ஜெபகனி சொல்லவில்லை. புதுக் கோட்டை ஆய்வுக்கூடத்திலேயே வைத்துக்கொண்டார். ஐசக் தினமும் பழையதைத் தேய்க்க, அது தினமும் பையில் போய்த் திரும்பி

(இல்லை. கையைச் சோதித்தவர் இதை மறைக்கமாட்டார்.)

முடிவு ஆ: சொன்னார். அந்த வீட்டில் நான் இல்லை. பின்னாளில் ஐசக் சொன்னது பாதி, மீதி என்னுடையது.

"ஏங்க, உங்க கைலேர்ந்து அந்தப் பொடி கோட்டுக்கு வருது. அதான் ரெண்டு குப்பியும் போச்சு."

"தெனம் ரெண்டு வாட்டி சோப்பு போடறனேம்மா."

"சோப்புக்குப் போவாதுங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்."

ஐசக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாட்டுத் தோலையே பூவாட்டம் ஆக்கற பொடிம்மா அது. உன் நூலு எம்மாத்திரம்? என் கைக்கு இவ்ளோ பவரா!" என்று சிரித்தார். சிரிப்பு நின்றது. பிறகு கேட்டார்:

"அப்ப கோட்ட யாரு தேய்ப்பா?"

ஜெபகனிக்காக அங்கே பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

6

சோதனை முடிவுகளை டாக்டர் பார்த்தார். பிறகு உறைபெட்டியின் சாவியை மேசைமேல் ஜெபகனி பக்கம் தள்ளினார். "மெட்ராஸ்காரர வரவேணாம்னு எழுதிடறேன்."

மூன்றாவது குப்பியைத் திறக்கும் நாள் காலை ஐசக் ஆய்வுக்கூட வாசல்வரை கூட வந்தார். நூலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். நாலு தப்படி தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஜெபகனி ஸ்டோரின் துணிக்கட்டிலிருந்து உருவி வந்த புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டார். காலர் ஒருபக்கம் மடங்கி, முதுகெல்லாம் கசங்கி.

"இன்னாம்மா இது, சாக்குப் பை மாதிரி!"

"உங்க வேலைய நீங்க செய்யலன்னா இப்டித்தான்."

"போ போ. எண்ணெய நல்லா ஒட."

7

அந்தச் செல்கள் முயலின் புரதத்தைச் செய்தனவா? குறிப்பேட்டில் இருக்கிறது. எண் போட்டவன் நான், தெரியும். எழுதமாட்டேன். அந்த ஒரு விடையை எழுதினால் ஜெபகனியின் பெருமை அதில் தொங்க ஆரம்பித்துவிடும். அந்தப் பெருமை அதற்கு முந்தைய பக்கத்திலேயே, தன் கையை நம்பாத அந்த வரியிலேயே, முழுமையாகிவிட்டது.

மூன்றாவது குப்பியை உங்களிடம் தருகிறேன். துளி உள்ளே போயிற்று என்று எழுதுங்கள், போகவில்லை என்று எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கதை அழகாக இருக்கட்டும் என்று அந்தக் கோட்டைத் தேய்த்துவிடாதீர்கள். வாசலில் கைகட்டி நிற்கும் ஒருவர் அந்தக் கசங்கலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.