ஏழு வீட்டுப் பென்டிரைவ்

இடுப்பு ஒடிந்துவிட்டதென்றே ஆஸ்டினுக்குத் தோன்றியது. ராத்திரி முழுக்க பிரேக் டிரம் வார்ப்புகளைத் தூக்கித் தூக்கி மெஷினில் மாட்டியவன். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கம்பியைப் பிடித்தபடி ஒரு காலைத் தரையில் வைத்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறு காலை எடுத்தான். சிப்காட்டுக்குப் பின்னால் ஒரே கூரை மாதிரி நீளும் லைன் வீடுகளில் மூன்றாவது அவனுடையது. பாயை விரித்தால் போதும், சாயங்காலம் வரைக்கும் செத்த பிணமாகக் கிடக்கலாம்.

வாசலிலேயே வின்சி நின்றிருந்தாள்.

"ஏங்க, படுத்துடாதீங்க. கம்ப்யூட்டரு செவப்பு செவப்பா என்னமோ காட்டுது."

"மொதல்ல காபி குடு."

"காபி கொதிக்குது. நீங்க அதப் பாருங்க மொதல்ல."

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சூளகிரிப் பக்கம் செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனியில் அவள் கான்ட்ராக்ட் ஆள். மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிகிறது. லைன் லீடர் பரீட்சையில் தேறுகிறவர்களை நிரந்தரமாக எடுப்பார்கள், மற்றவர்களுக்கு கேட் பாஸ் பிடுங்கப்படும். பரீட்சை இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கேமரா வைத்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. எந்தக் கம்ப்யூட்டர் என்று நேற்றே பதிந்தாயிற்று. அதை மாற்ற வழியில்லை. மறு பரீட்சையும் கிடையாது.

ஆஸ்டின் நாற்காலியில் உட்கார்ந்தான். திரையில் சிவப்புப் பெட்டி. பரீட்சை விதியில் ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று போட்டிருந்ததால், இதுநாள்வரை அணைந்துகிடந்ததை வின்சி ராத்திரி ஆன் செய்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அது விடிய விடியத் தோண்டி இருநூறுக்கு மேல் கோப்புகளைப் பிடித்து வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே வைரஸின் பெயர். பரீட்சைப் புரோகிராமைத் திறந்தால், பாதுகாப்பு இல்லை, உள்ளே விட முடியாது என்றது.

"இதெல்லாம் சும்மா. அழிச்சா போயிடும்" என்றான். கண் எரிந்தது. எழுத்துகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. அந்த இருநூறில் எவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள் என்று பார்க்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் நீக்கு என்பதை அழுத்தினான். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்யச் சொன்னது. ஆன் செய்தான்.

வரவேற்கிறோம் என்று வந்தது. பாஸ்வேர்ட் கொடுத்தான். உள்ளே போவதுபோல் ஒரு கணம் சுற்றியது. பிறகு, வெளியேறுகிறது என்றது. மறுபடி வரவேற்கிறோம். மறுபடி பாஸ்வேர்ட். மறுபடி வெளியேறுகிறது.

"என்னங்க இது, வாங்க வாங்கன்னு கூப்புட்டு வெளிய தள்ளுது?"

ஆஸ்டினுக்குத் தூக்கம் போய்விட்டது. பாஸ்வேர்ட் கொடுத்ததும் கதவைத் திறந்துவிடுகிற கோப்பு ஒன்று விண்டோஸில் உண்டு, யூசர்இனிட் என்று பெயர். வைரஸ் அதற்குள்ளும் புகுந்திருக்கிறது. வைரஸோடு சேர்த்து அதையும் தூக்கி எறிந்தாயிற்று. கதவு திறக்க ஆளில்லை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் வின்சி.

சாவிக் கொத்தில் தொங்கிய கருப்புப் பென்டிரைவைக் கழற்றினான். ஆஸ்டினுக்கு அந்த லைனில் ஒரு மரியாதை இருந்ததென்றால் அது இந்தப் பென்டிரைவால்தான். பெங்களூரிலிருந்து கம்பெனிகள் கழித்துவிடும் பழைய கம்ப்யூட்டர்களை யார் வாங்கி வந்தாலும், விண்டோஸ் போட்டுத் தருகிறவன் அவன்தான். காசு வாங்க மாட்டான், கோழி அடித்தால் ஒரு கிண்ணம் வரும். தன் வீட்டோடு சேர்த்து ஏழு வீட்டுக்கு இதே பென்டிரைவில்தான் போட்டான். விண்டோஸுக்கு லைசென்ஸ் கேட்காமலிருக்க அதில் ஒரு ஆக்டிவேட்டர் இருந்தது. அதை ஓட்டும்போது ஆன்டிவைரஸ் கத்தும். அணைத்துவிட்டு ஓட்டுவான். "இத ஆன் பண்ணாதீங்க, கம்ப்யூட்டரு ஸ்லோ ஆயிடும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருவான்.

பென்டிரைவைச் செருகி அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பினான். கருப்புத் திரையில் கட்டளை அடித்தான். கெட்டுப்போன கோப்புகளைச் சரிசெய்யச் சொல்லும் கட்டளை. எண்கள் மெல்ல ஏறின. வின்சி முதுகுக்குப் பின்னால் நின்று நகம் கடிக்கும் சத்தம் கேட்டது. நூறு சதவீதம் வந்தது. சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை என்று அடியில் ஒரு வரி.

"பக்கத்து வீட்டுல இருந்து அந்தக் கோப்ப எடுத்துட்டு வந்துடறேன். அதே விண்டோஸுதான்."

முனிராஜ் பக்கத்து வீடு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. செகண்ட் ஷிப்ட் ஆள் என்பதால் லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்பா ஆஸ்டின், மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? டாக்டருக்கே காய்ச்சலா?"

"உன் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலு வேணும்ணா."

"ஒண்ணென்ன, ஒம்போது எடுத்துக்கோ. நீ போட்டுக் குடுத்ததுதானே."

எடுத்து வந்தான். கருப்புத் திரையில் அதை அதன் இடத்தில் வைத்தான். ஆன் செய்தான். பாஸ்வேர்ட். சுற்றியது. திறந்தது. வின்சி ஞானஸ்நானத்துக்கு எடுத்த சேலையில் நிற்கும் படம் திரை முழுக்க வந்தது.

"ஸ்தோத்திரம்" என்று வின்சி நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். காபியை இப்போதுதான் அவன் கையில் கொடுத்தாள்.

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மூலையில் சிவப்பு எட்டிப் பார்த்தது. அதே பெயர். அதே கோப்பு. இப்போதுதான் முனிராஜ் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த கோப்பு.

ஆஸ்டின் டம்ளரைக் கீழே வைத்தான். முனிராஜ் வீட்டுக் கோப்பிலும் அதே நோய். முனிராஜ் வீட்டுக்கு அது எப்படி வந்தது? இந்த வீட்டுக்கு வந்த வழியில்தான். மேசைமேல் கிடந்த கருப்புப் பென்டிரைவ், சாணியில் ஊறிய வண்டுபோல் இருந்தது. ஆன்டிவைரஸ் இத்தனை நாளும் சும்மா கத்தவில்லை. அதன் வாயைப் பொத்தியது அவன்தான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வேற வீட்டுல எடுக்கணும்."

வேறு வீடு என்றால் எந்த வீடு? லைனில் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் அவன் கை பட்டவை. ஒன்றே ஒன்றைத் தவிர. கடைசி வீட்டு நஞ்சம்மா மகள் கவிப்ரியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். ஒரு தடவை, இதையும் வேகமாக்கித் தரட்டுமா என்று கேட்டபோது, "அண்ணா, இதுல மட்டும் நீங்க கைவெக்காதீங்க" என்று மூடி எடுத்துக்கொண்டு போனவள். அன்றைக்கு அவனுக்கு ரோஷம் வந்திருந்தது.

நஞ்சம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாப்பா, பொண்டாட்டிக்குப் பரிச்சையாமே" என்றாள். கவிப்ரியா உள்ளேயிருந்து வந்தாள். ஆஸ்டின் கேட்டான். எதற்கு என்று அவள் கேட்டாள். சொல்லாமல் முடியவில்லை. சொன்னான்.

அவள் அவன் கையிலிருந்த கருப்புப் பென்டிரைவைத்தான் பார்த்தாள்.

"அந்தக் கருப்ப என் லேப்டாப்புல செருகத்தான் வந்தீங்களா?"

"இல்ல, இதுல காப்பி பண்ணிட்டு..."

"செருகுன நிமிஷத்துல இதுவும் போயிடும்ணா. லைன்ல எட்டாவது வீடாயிடும். புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. கவரு பிரிக்காம கொண்டாங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டுக்குப் போனான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரி குறுக்கே நின்று வண்டிகள் மொத்தமும் அடைந்துகிடந்தன. பைக்கைப் பிளாட்பாரத்தில் ஏற்றினான். ஒரு பூக்காரம்மா தெலுங்கில் வைதாள். நின்று பதில் சொல்ல நேரமில்லை.

பென்டிரைவோடு அவன் திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கவிப்ரியா கவரைப் பிரித்து, வைரஸ் ஒழிக்கும் ஒரு தனி புரோகிராமை இறக்கி அதில் ஏற்றினாள். அவள் போன் டேட்டாவில் அது நத்தை மாதிரி இறங்கியது. தன் விண்டோஸும் ஆஸ்டினுடையதும் ஒரே பதிப்புத்தானா என்று அவனிடம் எண் கேட்டுப் பார்த்தாள். ஒன்றுதான். கதவு திறக்கும் கோப்பையும் அதோடு கெட்டுப்போன இன்னும் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தாள்.

"விண்டோஸ் ஓடுறப்போ செய்யாதீங்கண்ணா. அது முழிச்சிட்டு இருந்தா, நீங்க ஒண்ண அழிச்சா இன்னொண்ணு எழுதிடும். தூங்க வெச்சுட்டு வெளிய இருந்து அடிங்க."

"தெரியும்" என்றான். தெரியும்தான். தெரிந்திருந்தும் காலையில் செய்யவில்லை.

"மத்த வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"டெஸ்ட் முடியட்டும்."

கவிப்ரியா பென்டிரைவைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து புதுப் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினான். உள்ளே விண்டோஸ் தூங்க, வெளியிலிருந்து தேடல் ஓடியது. பிடித்தவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வின்சி தலை சீவிவிட்டு வந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பசிக்கிறதா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆகலன்னா சொல்லிடுங்க" என்றாள். "சும்மா உக்காந்துட்டு இருக்க வேணாம். பூப்பண்ணையில ஆள் எடுக்கறாங்க, போயி ரோசாப்பூ அறுக்கறேன்."

"வாய வெச்சிட்டு சும்மா இரு."

"இருந்துட்டுத்தானே இருக்கேன் காலையில இருந்து."

தேடல் முடிந்தது. ஆக்டிவேட்டரை வேரோடு பிடுங்கினான். மூன்று கோப்புகளையும் இடத்தில் வைத்தான். பென்டிரைவைக் கழற்றிவிட்டு ஆன் செய்தான். அவசரத்தில் பாஸ்வேர்டை ஒரு தடவை தப்பாக அடித்தான். மறுபடி அடித்தான். சுற்றியது. திறந்தது. மூலையில், இந்த விண்டோஸ் லைசென்ஸ் இல்லாதது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆன்டிவைரஸை மறுபடி ஓட்டினான். இருவரும் சிவப்புக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. பரீட்சைப் புரோகிராமைத் திறந்தான். கேமரா, மைக், பாதுகாப்பு. ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை. இரண்டு மணிக்குக் கால் மணி நேரம்கூட இல்லை.

"வெளிய போங்க" என்றாள் வின்சி. "நெழலு பட்டாக்கூட ஆள் இருக்குதுன்னு சொல்லிடும்."

கதவைச் சாத்திவிட்டு வந்து படியில் உட்கார்ந்தான். உள்ளே அவள் கேமராவுக்குத் தன் பெயரைச் சொல்வது கேட்டது. வின்சி. பணியாளர் எண். அறையில் வேறு யாரும் இல்லை. பிறகு மவுஸைச் சொடுக்கும் சத்தம் மட்டும்.

"ஆயித்தா?" என்று பக்கத்து வாசலிலிருந்து முனிராஜ் கேட்டான். முடிந்ததா என்று அவன் அப்படித்தான் கேட்பான். யூனிஃபார்ம் போட்டு, சாப்பாட்டு டப்பாவோடு நின்றான். "என் ஃபைலு வேல செஞ்சுதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போய்விடுவான். பஸ் வருகிற நேரம்தான். ஆஸ்டின் எழுந்து அவன் பக்கத்தில் போனான். உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினான்.

"உன் ஃபைல்லயும் அதே வைரஸுதாண்ணா. நான் போட்டப்பவே வந்திருக்குது. என் பென்டிரைவுல இருந்து."

முனிராஜ் சிரிக்கத்தான் பார்த்தான். ஆஸ்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"வைரஸுன்னா என்னா பண்ணும் அது?"

"நாம அடிக்கறத எல்லாம் திருடி அனுப்பும்னு ஆன்டிவைரஸுல போட்டிருக்குது. பாஸ்வேர்டு எல்லாம்."

"எப்ப போட்டுக் குடுத்த எனக்கு?"

"பொங்கலப்போ."

முனிராஜ் டப்பாவைக் கை மாற்றினான். "பேங்க் வேல பூரா நான் அதுலதானேப்பா பாக்கறேன். எங்க அக்கா பணம்கூட என் கணக்குலதான் கெடக்குது."

"தெரியும்ணா."

"நீதானே சொன்ன, அந்த கத்துறத ஆன் பண்ணாதன்னு."

"நான்தான் சொன்னேன்."

தெலுங்கில் வைவான் என்று காத்திருந்தான். முனிராஜ் வையவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் போனான். ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் போன் இருந்தது.

"பாஸ்வேர்டு மாத்தறது எப்படி? சொல்லு."

ஆஸ்டின் சொல்லச் சொல்ல அவன் மாற்றினான். இதுவரை பணம் எதுவும் போயிருக்கவில்லை. முனிராஜ் அதை இரண்டு தடவை பார்த்தான். பிறகு அவனிடமும் காட்டினான். முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"மத்தவங்களுக்கு?"

"யாருக்கும் இன்னும் சொல்லல."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன்ணா."

"நான் திரும்பி வர்றதுக்குள்ள சொல்லிடு" என்றான் முனிராஜ். பஸ்ஸுக்கு ஓடவில்லை, நடந்தே போனான்.

சாத்திய கதவுக்குப் பின்னால் வின்சி இன்னும் பதில்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்டின் லைனின் அந்தக் கோடிவரை பார்த்தான். மூன்று வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஒரு வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பாட்டு வைத்திருந்தார்கள். முதல் வீட்டை நோக்கி நடந்தான். முனிராஜைச் சேர்த்து ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் தலா ஒரு சுத்தமான கம்ப்யூட்டர், ஆஸ்டின் தர வேண்டிய பாக்கி.