ஒரு பக்கம் முந்திக்கொண்டது

என் தம்பிக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை. எவ்வளவு உயரமான கட்டடமாக இருந்தாலும் உள்ளே எங்கோ ஒரு கப்பி லேசாகக் கிறீச்சிட்டால் போதும், இவன் காதுக்கு எட்டிவிடும். சத்தம் வந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றினால் பழையதையே திரும்ப மாட்டக் கூடாது, எடுத்து எறிந்துவிட வேண்டும். இதுதான் அவன் வேதம். லிஃப்டுக்கு அது சரி. அதே புத்தியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தால் மனுஷி என்ன செய்வது?

கீழே என் சலவைக் கடை. மாடியில் அவனும் அவன் மகளும். அவன் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சமையல், பள்ளிக்கூடம், காய்ச்சல், தலைவலி எல்லாவற்றுக்கும் நான்தான். மகளை எல்லோரும் வாண்டு என்போம். இன்னும் பத்து வயது முடியவில்லை. எனக்கு ஐம்பது. மாதவிலக்கு நின்றுகொண்டிருக்கிற சமயம். நீராவிப் பெட்டி முன்னால் நிற்கும்போதே உள்ளுக்குள்ளிருந்தும் குப்பென்று ஒரு சூடு கிளம்பும். கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டும். வாடிக்கையாளர் முன்னால் கையிலிருக்கிற சட்டையால் விசிறிக்கொள்ளவா முடியும்? ஃபேன் அடியில் போய் நின்றுகொண்டு, எது கேட்டாலும் எரிந்து விழுவேன்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் தம்பி பேயறைந்த முகத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"அக்கா, கடையை மூடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"யாருக்கு என்னடா?"

"வாண்டுக்கு. இடது பக்கம் மார்புல ஏதோ கட்டியா இருக்காம். வலிக்குதுங்கிறா."

பெட்டியை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அவள் கட்டிலில் கவிழ்ந்து படுத்துப் படக்கதை படித்துக்கொண்டிருந்தாள். "பை வாரு இடிச்சா வலிக்குது அத்தை, அவ்வளவுதான். அப்பாகிட்டச் சொன்னேன். அப்பா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள். பார்த்தேன். தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தடிப்பு. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வெளியே வந்து அவனிடம் சொன்னேன்:

"டேய், பொண்ணு வளர்றாடா. வேற ஒண்ணுமில்ல."

"ஒரு பக்கம் மட்டும் எப்படிக்கா வளரும்?"

"ரெண்டும் கைகோத்துக்கிட்டா வரும்? ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, போ."

அவன் போகவில்லை. எங்களைத்தான் இழுத்துக்கொண்டு போனான். குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு நான் சொன்னதையே படிப்போடு சொன்னார். மூளையிலிருந்து உத்தரவு போயிருக்கிறது, சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கியிருக்கிறது, காம்புக்குக் கீழே மொட்டு மாதிரி வரும், பட்டால் வலிக்கும், மறுபக்கம் வர மாதக்கணக்காகலாம். "எல்லாம் ஹார்மோன் வேலை, பயப்படாதீங்க" என்றார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தம்பி எழவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் தாடை இறுகிப்போனது எனக்குத் தெரிந்தது.

காரணம் இருக்கிறது. அவன் மனைவிக்கு முப்பத்தாறு வயதில் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அன்றைக்கே சொன்னாள், மறுநாளே போனார்கள். ஒரு டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு இதே வார்த்தையைத்தான் சொன்னார்: ஹார்மோன், மாதாமாதம் வீங்கும், வடியும், பயப்படாதீர்கள். இரண்டு பேரும் சந்தோஷமாகத் திரும்பி வந்து அதை மறந்தே போனார்கள். அடுத்த முறை போனபோது அக்குள்வரை பரவியிருந்தது. அதற்குப் பிறகு வந்த ரிப்போர்ட் இன்னும் கொடுமை. அவள் புற்றுநோய்க்குத் தீனியே அந்த ஈஸ்ட்ரோஜன்தானாம். ஊசியும் மாத்திரையும் கொடுத்து ஹார்மோனை அடக்கினார்கள். ஐம்பதில் எனக்கு வருகிற சூடு அவளுக்கு அந்த வயதிலேயே வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பாள், நான் திட்டினால் சிரிப்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். மருந்து கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது, பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஆகவே அவன் ஒற்றைக்காலில் நின்றான். "அதே ஹார்மோன்தான் அவளைத் தின்னுச்சு. இப்ப இவகிட்ட வந்து நிக்குது. அதை வளரட்டும்னு விடச் சொல்றியா?"

வேறு வழியில்லாமல் அவன் மனைவிக்கு வைத்தியம் பார்த்த புற்றுநோய் டாக்டரம்மாவிடமே கூட்டிக்கொண்டு போனேன். அந்தம்மா சொன்னாலாவது மண்டையில் ஏறும் என்று நினைத்தேன். அவர் பொறுமையாக ஸ்கேன் எடுத்தார். வாண்டு கூச்சத்தில் கெக்கெக்கே என்று சிரித்தாள். அவளை வெளியே நர்ஸோடு அனுப்பிவிட்டு, எல்லாம் இயல்பாக இருக்கிறது என்றார்.

"எடுத்துடுங்க டாக்டர்" என்றான் தம்பி.

"எதை?"

"அந்தக் கட்டியை."

"அது கட்டி இல்லப்பா. பின்னாடி வரப்போற மார்பு மொத்தமும் இப்ப அந்த மொட்டுக்குள்ளதான் இருக்கு. அதை எடுத்தா அந்தப் பக்கம் எதுவுமே வளராது. துண்டு வெட்டினாக்கூடக் கோணலாயிடும். இந்த வயசுல நாங்க அதுல கத்தியே வைக்க மாட்டோம்."

"அப்ப ஹார்மோனை நிறுத்த மாத்திரை கொடுங்க. அவளுக்குக் கொடுத்தீங்களே!"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவங்களுக்குள்ள புற்று இருந்துச்சு. அது ஹார்மோனைப் பிடிச்சுக்கிட்டு வளர்ந்துச்சு, அதனால அடக்கினோம். இவகிட்ட அது தன்னோட வேலையை ஒழுங்கா செய்யுது. மார்புக்கு மட்டுமில்ல, எலும்புக்கும் அது வேணும். அம்மாவுக்குச் சின்ன வயசுல வந்ததால இவ கவனமா இருக்கணும், அது நிஜம். இருபத்தஞ்சு வயசுல இருந்து வருஷா வருஷம் என்கிட்டயோ எனக்குப் பின்னாடி வர்றவங்ககிட்டயோ வரட்டும். உடம்புல எது வித்தியாசமா தெரிஞ்சாலும் அன்னிக்கே வீட்டுல சொல்லட்டும். அந்தப் பழக்கம் ஒண்ணுதான் இப்ப நீங்க அவளுக்குக் கொடுக்க வேண்டியது."

வராந்தாவுக்கு வந்ததும் தம்பி சுவரில் சாய்ந்துகொண்டான். "இருபத்தஞ்சா? அதுவரைக்கும் நான் எப்படிக்கா தூங்குவேன்?" என்றான். சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து என் போர்வைக்குள் வந்து நுழைகிறவன் இவன்.

அந்த இரக்கமெல்லாம் அடுத்த வாரமே காணாமல் போனது. அவன் லிஃப்ட் பார்க்கிற நர்சிங் ஹோம் ஒன்று இருக்கிறது. அதன் முதலாளியே ஆபரேஷன் செய்கிற டாக்டர். கேட்டதைச் செய்து கொடுத்து அனுப்புகிற ரகம். அந்த மனுஷனை லிஃப்டுக்குள் வைத்தே கேட்டிருக்கிறான். கீழ்த்தளம் வருவதற்குள் முடிவாகிவிட்டது. "எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிட்டா உங்களுக்கும் நிம்மதி" என்றாராம். யாருடைய உடம்பு, யாருக்கு நிம்மதி!

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"டேய், பெத்தவ இருந்திருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பா. நாளைக்கு அவ வளர்ந்து, ஒரு பக்கம் தட்டையா நின்னு, ஏன்ப்பா இப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டா என்னடா சொல்லுவே?"

"உயிரோட இருந்து கேக்கட்டும்க்கா."

அந்தப் பதில்தான் இன்றுவரை எனக்கு எரிச்சல். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் இவனை இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார், இவன் எடுக்கவில்லை. பெற்றவன் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். அத்தை கத்தினால் கத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்த முதலாளி டாக்டர் வெளியூர் போயிருந்ததால் நாள் தள்ளிக்கொண்டே போனது, நடுவில் பள்ளிக்கூட லீவும் வந்து முடிந்தது. ஆபரேஷன் அன்று நானும் போனேன். வாண்டு என் முந்தானையை விடவில்லை. அவளுக்குச் சின்ன ஊசி என்று சொல்லி வைத்திருந்தான், மக்கு. நாங்கள் போட்ட சண்டை பூராவும் மாடியிலிருந்த அவள் காதில் விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நர்ஸ் ஒரு பச்சை அங்கியைக் கொடுத்து, மாற்றி விடுங்கள் என்று ஒரு சின்ன அறையைக் காட்டினாள். அங்கியை முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும்போது என் முழங்கை அவள் வலது பக்கம் பட்டது. துள்ளிக் குதித்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தக் குதி குதிச்சே?"

கதவைப் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து சொன்னாள். "இந்தப் பக்கமும் வந்துடுச்சு அத்தை. லீவுலயே வந்துடுச்சு. அப்பாகிட்டச் சொல்லாதீங்க."

எனக்கு அந்த இடத்திலேயே ஆட வேண்டும் போலிருந்தது. இரண்டு டாக்டர்களும் நானும் தொண்டை கிழியக் கத்தியதை அவள் உடம்பே வந்து சாட்சி சொல்லிவிட்டதே! அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன், அவள் வலிக்குது என்று முனகினாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. லீவு முடிந்து எத்தனை வாரமாகிவிட்டது! இத்தனை நாளும் இந்தப் பொடிசு வாயைத் திறக்கவில்லை. என் சந்தோஷம் அப்படியே அடங்கிப்போனது.

கதவைத் திறந்தேன். தம்பி கவுண்டரில் பேனாவோடு குனிந்திருந்தான்.

"டேய், அதை அப்படியே வச்சிட்டு உள்ள வா."

வந்தான். விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு பக்கமுமா?" என்றான். அவன் உதட்டில் ரத்தமே இல்லை. "ஆமாண்டா, ரெண்டு பக்கமும்தான்! அதுதானே வளர்ச்சிங்கிறது! டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று நான் ஆரம்பித்தேன். அவன் என்னைக் கவனிக்கவில்லை. மகள் முன்னால் மண்டியிட்டான்.

"ஏன் கண்ணு அப்பாகிட்டச் சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "சொன்னா இதையும் வெட்டச் சொல்லுவீங்க."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான், அவள் அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே எது வலிச்சாலும் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். நாளைக்கு மழை வந்தால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற மாதிரி சொன்னாள்.

அது அவனுக்குள் இறங்குவதை நான் நின்று பார்த்தேன். அவள் அம்மா சொன்னாள், கேட்டவர்கள் கோட்டை விட்டார்கள். இவளோ சொல்லவே மாட்டேன் என்கிறாள். இருபத்தைந்தில், முப்பதில், நிஜமாகவே ஏதாவது வந்து, இவள் இதே மாதிரி வாயைப் பூட்டிக்கொண்டால் எந்த டாக்டரால் என்ன செய்ய முடியும்? அதைப் பூட்டியது யார்? நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நினைத்த கேள்வியெல்லாம் அவனே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் முறையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"டிரெஸ்ஸை மாத்தி விடுக்கா, வீட்டுக்குப் போகலாம்" என்றான் எழுந்து.

ஆபரேஷன் டாக்டர் வெளியே வந்து, எல்லாம் தயாராகிவிட்டதே, இப்படிக் கடைசி நேரத்தில் சொன்னால் எப்படி என்று சிடுசிடுத்தார். "நீங்க லிஃப்டுல மாட்டிக்கிட்டா கூப்பிடுங்க, நேரம் கிடைச்சா என் தம்பி வருவான்" என்று சொல்லிவிட்டு வாண்டைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். படி வழியாகத்தான்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பல் வலியைக்கூட என்னிடம்தான் வந்து சொன்னாள். அவன் சாயங்காலமானால் அவள் அறை வாசலில் போய் நிற்பான், வாயெடுப்பான், மூடிக்கொள்வான். "நீயா கேட்டே, கொன்னுடுவேன். அவளா வந்து சொல்லணும்" என்று மிரட்டி வைத்திருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. சாப்பிடாமல் என் பிராணனை வாங்கினான். பரிதாபமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

போன வாரம் கடையில் நீராவிப் பெட்டி மக்கர் பண்ணியது. அவன்தான் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். நேரே மாடிக்குப் போகிறவள், முதல் படியில் கால் வைத்தபடி நின்றாள்.

"அப்பா."

"ம்?"

"இன்னைக்கு விளையாடும்போது பந்து பட்டுடுச்சு. ரெண்டு பக்கமும் வலிக்குது."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்தாள். நான் மடித்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றேன். அவன் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டான்.

"அப்படியா? சரிம்மா. போகப் போகச் சரியாயிடும். ரொம்ப வலிச்சா சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பசிக்குது அத்தை" என்று கத்திக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அவன் அசையவில்லை. கேட்டதும் மேஜைமேல் கவிழ்ந்து, முதுகு குலுங்கக் குலுங்க அழ ஆரம்பித்தான். கவிழ்ந்தவனுக்கு இடம் பார்த்துக் கவிழத் தெரிய வேண்டாமா?

"டேய், அந்த வெள்ளைச் சட்டை மேல அழாதடா, பெட்டி நிக்கறதுக்கு முன்னாடிதான் இஸ்திரி போட்டு வச்சேன்!" என்று கத்தினேன். அவன் எழவில்லை. சட்டைக்காரருக்குப் போன் போட்டு, நாளைக்கு வாங்க என்றேன்.